வலப்பக்கம் தாயேன், இடப்பக்கம் பாயேன்

சண்டைக்குப் போக வேண்டும் என்ற ஆசை எனக்கு ஒரு சிலுவாரைப் பார்த்துத்தான் வந்தது. இதைச் சொன்னால் கேட்பவர்கள் முகம் கொஞ்சம் வாடிப்போகிறது. தேசம், தியாகம் என்று தொடங்குவேன் என எதிர்பார்த்து வந்திருப்பார்கள், பாவம். அதெல்லாம் பிறகு வந்தது. முதலில் வந்தது சிலுவார்தான், நீளக் காற்சட்டை.

ஜப்பான்காரன் பினாங்கைப் பிடித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. பள்ளிக்கூடம் நின்றுபோய், நான் வீட்டில் மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டும் அம்மாவோடு சண்டை பிடித்துக்கொண்டும் இருந்தேன். வயது பதினேழு. பக்கத்து வீட்டில் ஒரு அக்கா இருந்தாள், தமிழ்க் கத்தோலிக்கப் பெண், சிறுபிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவள். ஒரு மாலை அவள் காக்கிச் சிலுவார் போட்டு, சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். கழுத்தில் ஜெபமாலை கிடந்தது. அவளுக்கு இரண்டு கால்கள் இருக்கின்றன என்பதையே நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கும் இரண்டு இருக்கிறதே என்று குனிந்து பார்த்துக்கொண்டேன்.

இந்தியாவை விடுவிக்கப் பெண்கள் படை ஒன்று சேர்க்கிறார்களாம். மாலையில் திடலில் பயிற்சியாம், பிறகு ரயிலேறிச் சிங்கப்பூர் முகாமுக்குப் போக வேண்டுமாம்.

“உங்கப்பா ஒண்ணும் சொல்லலியா அக்கா?” என்று கேட்டேன்.

“சரின்னுட்டாரு லா. ஞாயித்துக்கெழம பூசைய மட்டும் விட்றாதன்னாரு. நீயும் வாயேன்.”

அம்மாவிடம் அக்கா வீட்டில் தையல் பழகுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். திடலில் வரிசையாகப் பெண்கள். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள், டாக்டர் வீட்டுப் பெண்கள், கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்த ஒருத்தி, எல்லோரும் ஒரே வரிசையில். சாதாரண நாளில் இவர்கள் ஒரே கோப்பையில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். கையில் மரத்தால் செய்த துப்பாக்கி. அதைத் தோளில் வைத்த கணம் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மரக்கட்டைதான், தெரியும். இருந்தாலும் புல்லரித்தது.

பயிற்சி கொடுத்தவர் ஒரு பஞ்சாபிக்காரர். கட்டளை எல்லாம் இந்துஸ்தானியில். எங்களில் ஒருத்திக்கும் அது தெரியாது. அவர் தொண்டை கிழிய “பாயேன் முட்!” என்றார். இடப்பக்கம் திரும்பு என்று அர்த்தமாம். தமிழ்க் காதுக்கு அது எப்படிக் கேட்கும்? கொஞ்சம் பாயேன், போய் முட்டேன் என்று கேட்டது. நான் சொல்வழி கேட்கும் பிள்ளை. ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து முன்னால் நின்ற டாக்டர் வீட்டுப் பெண்ணின் முதுகில் முட்டினேன். நான் மட்டும் இல்லை, பாதி வரிசை பாய்ந்தது. பஞ்சாபிக்காரர் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். பிரிட்டிஷ்காரனை இந்தக் கூட்டத்தை வைத்தா விரட்டப் போகிறோம் என்று அவர் கடவுளிடம் கேட்டிருக்க வேண்டும்.

வலப்பக்கம் என்பதற்கு “தாயேன்.” அது இன்னும் மோசம், கெஞ்சுவது போல இருக்கும். நான் அதை வீட்டில் மனப்பாடம் செய்தேன். முற்றம் கூட்டும்போது விளக்குமாற்றைத் தோளில் வைத்துக்கொண்டு “தாயேன், தாயேன்” என்று திரும்பிக்கொண்டிருக்கையில் அம்மா குசினியிலிருந்து வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

“என்னத்தைப் பிள்ளை தாறது? இருந்த கிழங்கெல்லாம் முடிஞ்சுது.”

நான் சிரித்துவிட்டேன். என்ன சிரிப்பு என்று அம்மா துருவியதில் தையல் பொய் மாட்டிக்கொண்டது. அன்று மாலை அப்பா வேலையிலிருந்து வந்ததும் விசாரணை நடந்தது.

அப்பா துறைமுகத்தில் கணக்கு எழுதும் கிராணி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெள்ளைக்காரனிடம் கைநீட்டிச் சம்பளம் வாங்கி, இப்போது ஜப்பான்காரனுக்குக் குனிந்து வணக்கம் போட்டு அதே மேசையில் உட்கார்ந்திருந்தார். குரல் உயர்த்திப் பேசாதவர். அதனால்தான் அவரோடு வாதாடுவது கஷ்டம்.

“இந்தியா எங்கட நாடில்லை. நாங்கள் யாழ்ப்பாணம். ஆரின்ரையோ நாட்டுக்கு நீ ஏன் சாகப் போறாய்?”

“யாழ்ப்பாணத்தில மட்டும் இங்கிலீசுக்காரன் இல்லையோ அப்பா?”

“ஒருத்தனைக் கலைக்க இன்னொருத்தன்ரை காலைப் பிடிக்கிறதோ? சந்தியில நிக்கிற ஜப்பான்காரன் ஆக்களுக்கு அடிக்கிறதை நீ காணேல்லையோ?”

கண்டிருந்தேன். அந்தக் கேள்விக்கு இன்றைக்கும் என்னிடம் முழுப்பதில் கிடையாது. உண்மையைச் சொன்னால் நான் இந்தியாவையும் பார்த்ததில்லை, யாழ்ப்பாணத்தையும் பார்த்ததில்லை. தண்ணீர்மலை முருகன் கோயிலும் கடலும்தான் எனக்குத் தெரிந்த உலகம். ஆனால் அந்தத் திடலில் ஒருவரும் என்னை யாருடைய மகள், எப்போது கல்யாணம் என்று கேட்கவில்லை. நாட்டுக்கு விடுதலை என்று கத்தும்போதெல்லாம் அது என் கால்களுக்கும் சேர்த்துச் சொன்னதாகவே எனக்குக் கேட்டது. தேசபக்தி என்று மற்றவர்கள் சொல்வது வேறாக இருக்கலாம். எனக்கு அது இதுதான்.

இதில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது இன்னொரு விஷயம். படையில் சேர்க்கும் அம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: கல்யாணமாகாதவளுக்கு அப்பா சம்மதிக்க வேண்டும், ஆனவளுக்குப் புருஷன் சம்மதிக்க வேண்டும். பேரரசை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கலாம், அப்பாவை எதிர்த்து வாசல் தாண்டக் கூடாது. என்ன நியாயம் இது என்று அக்காவிடம் குதித்தேன். “படைய அப்புறம் திட்டு, மொதல்ல உங்கப்பாவப் பாரு” என்றாள் அவள். ரயில் அந்த வார முடிவில் புறப்படுவதாக இருந்தது.

நான் சாப்பிட மறுத்தேன். சாப்பிடக் கிழங்குதான் இருந்தது என்பதால் அது பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. அம்மா அழுதாள். அவளும் நான் போகக் கூடாது என்ற கட்சிதான், அப்பாவைவிடத் தீவிரம். கடைசியில் அப்பா, “முருகனைக் கேப்பம். அவர் சொல்லுறதை நீயும் கேக்கவேணும், நானும் கேப்பன்” என்றார். பூக்கட்டிப் பார்ப்பது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், சாமி காலடியில் வைத்து ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் கதை முடிந்தது. கல்யாணத்துக்கும் ஆபரேஷனுக்கும் எங்கள் ஆட்கள் இப்படித்தான் கேட்பார்கள். எனக்கு முருகன் மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. வேறு வழியும் இல்லை.

அப்பாவே முற்றத்தில் பூப்பறித்து, வாழையிலையில் இரண்டு பொட்டலமாகக் கட்டினார். மறுநாள் காலை மூவரும் தண்ணீர்மலை ஏறினோம். ஏறும்போது நம்பிக்கை இல்லாத நானே விடாமல் வேண்டிக்கொண்டேன். வெள்ளையைக் கொடு, கொடுத்தால் அடுத்த தைப்பூசத்துக்குப் பால்குடம், வேண்டுமானால் இரண்டு பால்குடம் என்று ஏலத்தில் நிற்பவள் போல ஏற்றிக்கொண்டே போனேன்.

குருக்கள் பொட்டலங்களைச் சாமி காலடியில் வைத்துத் தீபம் காட்டினார். கும்பிட வந்திருந்த யாரோ ஒருவரின் சின்னப் பெண்குழந்தை ஒன்றை எடுத்துக் கொடுத்தது. அப்பா பிரித்தார். செவ்வரத்தை. சிவப்பு.

அப்பா கண்ணை மூடிக் கும்பிட்டார். நான் அழக்கூடாது என்று உதட்டைக் கடித்தேன், அழுகை வந்துவிட்டது. என்னைத் தேற்ற அம்மாவுக்கு வேறு வழி தெரியவில்லை. மற்றப் பொட்டலத்தைக் குருக்களிடம் கேட்டு வாங்கினாள், அந்த வெள்ளைப் பூவையாவது என் தலையில் வைத்துவிடலாம் என்று. நூலை அவிழ்த்தாள். அதிலும் செவ்வரத்தைதான் இருந்தது.

அம்மா அந்தப் பூவை அப்பாவிடம் நீட்டினாள். அப்பா முன்னால் அவள் நிமிர்ந்து பேசி நான் கண்டதில்லை. அன்று கண்டேன்.

“முருகனைக் கேக்கிறம் எண்டு சொல்லிப்போட்டு, மறுமொழியையும் நீங்களே கட்டிக்கொண்டு வந்தனீங்களோ?”

அப்பா கையிலிருந்த வாழையிலையை மடித்தார்.

“இவள் போறது எனக்கும் விருப்பமில்லை. அது வேறை. ஆனால் இவர் சன்னிதியில வந்து இவரையே ஏமாத்துறதோ? வேண்டாமெண்டால் வேண்டாமெண்டு நீங்கள் சொல்லுங்கோ. இவரைச் சாட்டாதேங்கோ.”

குருக்கள் தீபத்தட்டோடு நைசாக உள்ளே போய்விட்டார். எனக்கு அழுகை நின்றுவிட்டது. என் பக்கம் பேச ஆள் கிடைத்துவிட்டது, அதுவும் என்னை எதிர்த்தவளே. அவளுடைய பக்தியைப் பழைய பஞ்சாங்கம் என்று எத்தனை நாள் கேலி செய்திருக்கிறேன். அன்றைக்கு என்னிடம் இருந்த வீரம் முழுவதையும் கூட்டினாலும் அம்மாவின் அந்த ஒரு கோபத்துக்கு ஈடாகாது.

“பயமாக் கிடக்கு,” என்றார் அப்பா. சாமியைப் பார்த்துத்தான் சொன்னார். “போனால் வரமாட்டாள் எண்டு பயமாக் கிடக்கு.”

“எனக்கும்தான்,” என்றாள் அம்மா.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். பிறந்ததிலிருந்து அவர் என்னை “நீ” என்றுதான் கூப்பிட்டு வந்தார். “நீர்” என்பது அம்மாவுக்கும், துறைமுகக் கந்தோரில் தன்னோடு சரிக்குச் சரியாக உட்காருபவர்களுக்கும் உரியது.

“நீர் போகத்தான் வேணுமோ?” என்று கேட்டார்.

“போகவேணும் அப்பா.”

அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு குனிந்து என் வெறுங்கால்களைப் பார்த்தார்.

“அப்ப உமக்குச் சப்பாத்து வேணுமே,” என்றார்.