ஒட்டின இடம் தெரியணும்

முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். ஒரு நாய்க்குட்டி மேல்கூடச் சக்கரத்தை ஏற்றியதில்லை. அவருடைய பெயரைச் சொல்லிக் கேட்டால் ஊரில் பாதிப் பேர் முழிப்பார்கள். "கல்லொடச்சான்" என்றால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் கை காட்டும்.

முச்சந்தியில் ஆள் உயரத்துக்கு மேல் நின்ற எழுத்துக்கல் அது. எந்தக் காலத்து ராஜாவோ வெட்டி வைத்த ஆணை. நின்றவரை அதில் நோட்டீஸ் ஒட்டினார்கள், சைக்கிளைச் சாய்த்து வைத்தார்கள். செங்கல் லோடோடு ரிவர்ஸ் எடுத்தவர் கண்ணாடியை ஒரு நொடி தாமதமாகப் பார்த்தார். ஒரே இடி, மூன்று துண்டு. மறுநாளே அது ஊரில் எல்லோருக்கும் பாட்டன் சொத்தாகிவிட்டது.

பட்டப்பெயர் வைத்தவர் சவரக்கடைக்காரர். இவர் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்கப் பழகிவிட்டார். மனைவியால் முடியவில்லை. காய்கறிக் கடையில் ஒருத்தி, "கல்லொடச்சான் வீட்டுக்காரம்மாவுக்கு வழி விடுங்கடி, இடிச்சிடப் போறாங்க" என்று சொல்ல, கடையே சிரித்திருக்கிறது. மகளின் பிரசவத்துக்கென்று அவள் ஊருக்குப் போன மனைவி, பேரன் நடக்க ஆரம்பித்த பிறகும் திரும்பவில்லை.

"எப்ப வர்ற?" என்று இவர் போனில் கேட்பார்.

"அந்தக் கல்லு பழையபடி நிக்கட்டும். அப்புறம் பார்க்கலாம்."

ஒரு ஆளுக்கு மட்டும் சமைக்க அவருக்குக் கை வரவில்லை. காலையில் பொங்கியதையே ராத்திரியும் சாப்பிட்டார். சாவியை மறந்துவிட்டால் உள்ளேயிருந்து திறக்க ஆள் இல்லை என்பது, கதவைச் சாத்திய பிறகுதான் உறைக்கும்.

ஒருவழியாகக் கல்லைச் சரிசெய்ய ஆட்கள் வந்து கூடாரம் போட்டார்கள். தலைமை ஒரு பெண். ஊர் அவளைப் 'பசை டாக்டர்' என்றது. இவர் தினமும் போய்க் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றார். கடைசியில் தானாகவே சொன்னார்:

"ஒடச்சது நான்தாம்மா."

"தெரியும்ண்ணே. சவரக்கடைக்காரர் முதல் நாளே வந்து சொல்லிட்டாரு. சும்மாதானே நிக்கிறீங்க, உள்ள வந்து கல்லைத் தூக்குற இந்தச் சங்கிலியைப் பிடிங்க."

அன்றிலிருந்து அவருக்கும் போக ஓர் இடம் கிடைத்தது. துண்டுகளில் துளை போட்டு எஃகுக் கம்பி செருகினார்கள், பசை தடவிச் சேர்த்தார்கள். விரிசலை அடைக்கக் கல்தூளைக் குழைத்தபோதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"வெளுப்பா இருக்கேம்மா. கல்லோட சேரலையே."

"சேரக் கூடாதுண்ணே. ஒட்டின இடம் தெரியணும். எது பழசு, எது நாங்க வச்சதுன்னு பின்னாடி பார்க்கிறவங்களுக்குப் புரியணும்ல? மறைச்சா ஏமாத்தின மாதிரி."

"கொஞ்சம் கரித்தூள் போட்டா யாருக்குத் தெரியப் போகுது? லாரியில அடிபட்ட இடத்துக்குப் பெயிண்ட் அடிச்சா, அடிச்சவனுக்கே அடையாளம் தெரியாது."

"இது லாரி இல்லண்ணே," என்று அவள் சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. வீட்டில் ஆள் இல்லாததைச் சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தார். கல்லைக் காட்டிக் குடும்பக் கதை பேச வெட்கமாக இருந்தது. திரும்பிச் சங்கிலியைப் பிடித்தார்.

கல் நின்றது. குறுக்கே இரண்டு வெளிறிய கோடுகள். கூடியவர்கள் படம் எடுத்துக்கொண்டு கலைந்தார்கள். கூடாரத்தையும் பிரித்துவிட்டார்கள். அவர் வீட்டுக்கு வந்து போனை எடுத்தார்.

"கல்லை நிறுத்திட்டாங்க."

"நிஜமாவா? ஒடஞ்சது தெரியுதா?"

தெரியவில்லை என்று சொன்னால் நாளைக்கே பஸ் ஏறிவிடுவாள். இறங்கி, அந்த முச்சந்தி வழியாகத்தான் வர வேண்டும்.

"தெரியுது."

"கிட்டப் போய்ப் பார்த்தாலா?"

"ரோட்டுல இருந்தே. ரெண்டு கோடு. இனிமே எப்பவும் அப்படித்தானாம்."

அந்தப் பக்கம் பேரன் எதையோ போட்டுத் தட்டிக்கொண்டிருந்தான்.

"சாப்பிட்டீங்களா?"

"இனிமேதான்."

"போய்ச் சாப்பிடுங்க. இருட்டுல பேய் மாதிரி உக்காந்திருக்காதீங்க. நாளைக்கு நான் கூப்பிடுறேன்."

இத்தனை நாளும் இவர்தான் கூப்பிட்டிருக்கிறார். வருவதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. மணி அடித்தால் சமையலறை வரை கேட்கிற இடமாகப் பார்த்துப் போனை வைத்துவிட்டு, விளக்கைப் போட்டார்.