வலது கை மயில்

என் வாயில் எப்போதும் இரண்டு மூன்று குண்டூசிகள் இருக்கும். தையல்காரனுக்கு அது வழக்கம்தானே என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். எனக்கு அதில் இன்னொரு வசதியும் உண்டு. வாயில் ஊசி வைத்திருப்பவனிடம் யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை. மேற்கு மாம்பலத்தில் இருக்கும் எங்கள் ஜாக்கெட் கடைக்கு வருகிறவர்களிடம் பேசுவதும் சிரிப்பதும் சமாதானம் சொல்வதும் என் மனைவியின் வேலை. வெட்டுவதும் தைப்பதும் என்னுடையது.

பூவேலை போடும் மெஷினையும் நான்தான் ஓட்டுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். திரையில் வரும் இங்கிலீஷை எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தப் படத்தை அமுக்கினால் என்ன நடக்கும் என்பது தெரியும். கம்ப்யூட்டரில் இருக்கும் டிசைன் ஒயர் வழியாக மெஷினுக்குப் போகும், ஊசி இறங்கும். கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் மெஷினும் கூடவே படுத்துவிடும்.

அந்த ஆயுத பூஜை சமயத்தில் கடையில் ஒரு கல்யாண ஜாக்கெட் இருந்தது. மயிலாப்பூர் மாமி ஒருவர் தன் அண்ணன் பெண்ணுக்காகக் கொடுத்தது. கல்யாணப் பெண் வாசலில் போட்ட கோலத்தில் ஒரு மயில், அலகில் பூவோடு நின்றது. அந்தக் கோலத்தைப் போட்டோ எடுத்து, அதையே டிசைனாக்கி இரண்டு கையிலும் போட வேண்டும் என்பது ஏற்பாடு. இடது கை மயில் முடிந்தது. வலது கையைத் தொடங்குவதற்குள் பூஜை வந்துவிட்டது. பூஜையன்று எதையும் ஓட்டமாட்டோம். கத்தரிக்கோலில் இருந்து கம்ப்யூட்டர் வரை எல்லாவற்றையும் துடைத்து, நானே சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். தாராளமாகவே வைத்தேன்.

மறுநாள் விஜயதசமி. என் மனைவி சைதாப்பேட்டையில் இருக்கும் அவள் தங்கைக்குப் பொரியும் சுண்டலும் கொடுக்கப் போயிருந்தாள். நான் சூடம் காட்டி, கும்பிட்டு, கம்ப்யூட்டரின் பட்டனை அமுக்கினேன். விளக்கு எரிந்தது, காத்தாடி சுற்றியது. திரையில் படம் வருவதற்குள் எல்லாம் அடங்கிப்போனது. மறுபடி அமுக்கினேன். அசைவே இல்லை. பிளக்கைப் பிடுங்கிச் செருகினால் தானாக உயிர் வந்தது. இரண்டு மூச்சு விட்டது, போய்விட்டது.

மாமி வீட்டார் அன்று சாயங்கால ரயிலில் கும்பகோணம் போகிறார்கள். கல்யாணம் அங்கேதான். மதியத்துக்குள் ஜாக்கெட் கையில் இருக்க வேண்டும்.

ரிப்பேர்காரருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. பண்டிகை நாளில் யார் எடுப்பார்கள்? பக்கத்து மொபைல் கடைக்காரர் எங்கள் பொரிப் பொட்டலத்தோடு வந்து நின்றார்.

"இன்னா நைனா, பொட்டி ஓடலையா? கரண்டு பிராப்ளமா கீது."

தன் கடையிலிருந்து ஒயர் இழுத்துப் போட்டுப் பார்த்தார். அதே கதை.

"அப்ப மெமரிதான்" என்று பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, உள்ளேயிருந்து ஒரு பட்டையை உருவி, பென்சில் ரப்பரால் தேய்த்தார். ஊதினார். ஊதியதில் வாயிலிருந்த பொரி ஒன்று உள்ளே போய்விட்டது. அதைத் தேடுவதற்குத் தனியாகக் கொஞ்ச நேரம் ஆனது. மாட்டிப் பிளக்கைச் செருகினோம். விளக்கு, காத்தாடி, அமைதி.

அந்த நேரம் பார்த்து மாமி படியேறி வந்தார்.

"ஆச்சா?"

நான் தலையை மேலும் கீழும் ஆட்டினேன், பிறகு பக்கவாட்டிலும் ஆட்டினேன்.

"ஊசியைத் துப்பிட்டுச் சொல்லுங்கோ."

வேறு வழியில்லை. ஊசிகளை எடுத்து மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னேன்.

மாமி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "அப்போ ஒரு கையில மயிலு, ஒரு கை மொட்டையா? கொழந்தை நேத்திக்குப் பூரா நீங்க அனுப்பின எடது கை படத்தைத்தான் போன்ல பாத்துண்டிருந்தா. நான் போட்ட கோலம் அத்தை, நான் போட்ட கோலம்னு ஆத்துக்கு வரவா போறவாளுக்கெல்லாம் காட்டிண்டிருந்தா." சற்று யோசித்தார். "திருஷ்டிதான். பூசணிக்காய் ஒடைச்சேளா?"

"அதெல்லாம் நேத்தே ஒடச்சாச்சு மாமி" என்றார் மொபைல் கடைக்காரர். "ரோட்ல வழுக்கி நானே வுழுந்தேன்."

மாமி சிரித்துவிட்டார். என்னால் சிரிக்க முடியவில்லை. இடது கை மயிலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் என் மனைவி வந்தாள். கழற்றிப் போட்ட தகடு, ரப்பர் துகள், கொட்டிக் கிடந்த பொரி எல்லாவற்றையும் பார்த்தாள். கம்ப்யூட்டரின் முகப்பைப் பார்த்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"இன்னாங்க இது? நேத்து வச்ச பொட்டு அப்பளமாட்டம் காஞ்சு கெடக்குது. நல்ல நாளும் அதுவுமா தொடச்சிட்டுப் புதுசா வைக்கத் தெரியாதா?"

துணி நுனியை நனைத்து அழுத்தித் துடைத்தாள். காய்ந்த சந்தனம் ஒரு வில்லையாகப் பெயர்ந்து விழுந்தது. கூடவே 'டக்' என்று ஒரு சத்தம்.

மொபைல் கடைக்காரர் வாய்க்குக் கொண்டுபோன பொரியை அப்படியே நிறுத்தினார். "அக்கா, இன்னா பண்ண நீ?"

"மூஞ்சி தொடச்சு வுட்டேன். ஏன்?"

"அய்யோ! சந்தனம் காஞ்சு, பட்டன் உள்ளயே மாட்டிக்கினு இருந்திருக்குது. கை எடுக்காம அமுக்கிக்கினே இருந்தா பொட்டி தானா ஆஃப் ஆயிடும். நைனா, பொட்டு வைக்க வேற எடமே கெடைக்கலையா உனக்கு?"

கிடைக்கவில்லைதான். பெட்டியின் மேல்பகுதியில், நட்டநடுவில், வட்டமாக இருக்கிறது அந்தப் பட்டன். பார்த்தால் நெற்றி மாதிரியே இருக்கிறது. வேறு எங்கே வைப்பது?

அவர் பட்டனை அமுக்கினார். விளக்கு. காத்தாடி. நாலு பேரும் மூச்சுப் பிடித்து நின்றோம். படம் வந்தது. நான் தேடி அமுக்கியதும் திரையில் மயில் வந்தது, அலகில் பூவோடு.

மாமி கைதட்டினார். அந்தச் சந்தோஷத்தில் என் மனைவி கிண்ணத்திலிருந்து புதுச் சந்தனத்தை விரலில் எடுத்து, நேராக அதே பட்டனுக்குக் கொண்டுபோனாள்.

"அங்க வேணாம்!"

மூன்று பேரும் சேர்ந்துதான் கத்தினோம். ஆனால் என் குரல்தான் தெருவரைக்கும் போயிருக்கிறது. எதிர்ப் பூக்கடையில் தலைகள் திரும்பின. விரலில் சந்தனத்தோடு என் மனைவி என்னையே பார்த்தாள்.

"உங்களுக்கு இவ்ளோ சத்தம் வருமா!"

நான் ஊசியைத் தேடினேன். அது மேஜையில் இருந்தது. அதற்குள் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரிக்க, எல்லாரும் சிரிக்க, அதற்கப்புறம் வாயில் ஊசியை வைக்கவே முடியவில்லை.

வலது கை மயில் தைத்து முடியும்வரை மாமி அங்கேயே பொரி தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார். நானும் அவரோடு பேசிக்கொண்டே ஓட்டினேன். அலகுக்கு எந்தச் சிவப்பு, பூவுக்கு எந்தச் சிவப்பு என்றெல்லாம் சொன்னதாக ஞாபகம். கையை உடம்போடு சேர்த்துத் தைத்து, இஸ்திரி போடும்போதுதான் பார்த்தேன். பட்டனை அமுக்கியபோது என் விரலில் ஒட்டிய குங்குமம் உள்பக்கத் துணியில் லேசாகப் பட்டிருந்தது. துடைக்கத் தண்ணீர் எடுக்கப் போனேன்.

மாமி ஜாக்கெட்டைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"இருக்கட்டும், விடுங்கோ. கல்யாணப் பொண்ணுக்குத்தானே."

மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினார். வாசலில் அவருக்கு ஆட்டோவை நான்தான் கூப்பிட்டு நிறுத்தினேன், வாய் திறந்து.