அப்பாவும் தூங்கும் டிராகனும்

பரீட்சை முடியும்வரை போன் பாடத்துக்கு மட்டும் என்பது அப்பாவின் உத்தரவு. பிடிபட்டால் அது பீரோவுக்குள் போய்விடும். ஆகவே போர்வைக்குள்ளிருந்து எழுதுகிறேன்.

1857 போரில் தில்லி செங்கோட்டை மேல் டிராகன்கள் பறக்கும் நாவல் தொடரைப் பற்றி இணைய வாசகர் குழுவில் புனைபெயரில் எழுதியிருந்தேன்: "மூன்றாம் பாகம் முழுக்க டிராகன் தூங்குகிறது."

இன்று துவாரகா போகும் மெட்ரோவில், பக்கத்தில் அப்பா கோபமாக டைப் செய்துகொண்டிருந்தார்.

"பாரும்மா, டிராகன் தூங்குதாம். வெள்ளைக்காரன் கிட்ட வரட்டும்னு காத்திருக்கு அது. எந்த அரைவேக்காடு எழுதிச்சோ."

அவர் அனுப்பிய நொடியில் என் பைக்குள் போன் அதிர்ந்தது.

"என்ன அது?"

"ஸ்கூல் குரூப்புப்பா. ஹோம்வொர்க்."

"அச்சா, சரி, பாத்துடு."

இப்போது பக்கத்து அறையிலிருந்து அடுத்த பதிலும் வந்துவிட்டது. யாராவது குழுவுக்கு வந்து என் கட்சியில் பேசுங்களேன். என் பெயரை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.