துவாலை அல்ல, துவால்

திருநள்ளாற்றுச் சனிப்பெயர்ச்சி இந்த வருஷமா அடுத்த வருஷமா என்று இரண்டு பஞ்சாங்கக்காரர்களும் மல்லுக்கட்டுகிறார்களே, அந்த வருஷம்தான் இது. பேரளத்துக்கு மறுபடி தண்டவாளம் போட்டு வெறும் இன்ஜினை ஓட்டிப் பார்த்ததும் இப்போதுதான். மாங்கனித் திருவிழா முடிந்து, மிதிபட்ட மாங்கொட்டைகள் தெருவோரம் இன்னும் ஈ மொய்த்துக் கிடந்தன. அஸர் தொழுதுவிட்டு வருகிறேன், முக்கு டீக்கடைப் பக்கம் பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எழுத்துத் தெரியாது, முகம் தெரியும். பிரெஞ்சு மரியாதைக்கு முசே என்று நாங்கள் கூப்பிடுகிற அல்போன்ஸ், தன்னுடையதல்லாத ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு சிரித்தார். எண்பது தாண்டியவருக்குப் பிறந்தநாள் பேனர் யார் வைக்கப்போகிறார்கள்? எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. ஆனாலும் டீக்கடை பக்கிரிசாமியைப் படிக்கச் சொன்னேன்.

"கண்ணீர் அஞ்சலி. துவாலை அல்போன்ஸ்."

"துவாலைன்னா போட்டிருக்கு?"

"ஆமா பாய். அதானே அவரு பேரு?"

அந்த மனிதர் வாழ்நாள் முழுக்க இந்த ஊரோடு சண்டை போட்டது அந்த ஒரு எழுத்துக்காகத்தான். செத்த அன்றைக்கே ஊர் ஜெயித்துவிட்டது.

முப்பதாம் நாள் பூசைக்கு அவரைத் தெரிந்தவர்கள் கூடுகிறார்கள், நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டார்கள். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். நல்ல வார்த்தை உண்டு. அதை மட்டும் சொன்னால் நீங்கள் அறிந்த அல்போன்ஸ் முசே ஆகமாட்டார், பேனரில் கோட்டு மாட்டிய ஆளாகிவிடுவார்.

நல்லதையே முதலில் சொல்கிறேன். என் உம்மா மவுத்தானபோது நான் கடலில் இருந்தேன். சரக்குக் கப்பலில் கலாசி வேலை, எந்தக் கரையில் நிற்கிறேன் என்று எனக்கே தெரியாத காலம். முசே தபால் ஆபீசில் இருந்தார். எத்தனையோ இடத்துக்குத் தந்தி அடித்துக் கப்பலைப் பிடித்துச் சேதி சொன்னவர் அவர்தான். அதோடு விடவில்லை. கோயில் மாதாவைக் கும்பிடுகிற மனிதர், தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, மகன் நடக்கவேண்டிய இடத்தில் தான் நடந்து, அடக்கம் செய்கிற மையவாடி வரைக்கும் போயிருக்கிறார். பிறகு நான் வந்து கையைப் பிடித்தபோது, "ஒங்களுக்காகப் போவல மரைக்கார். அந்த அம்மாதான் என் பேரை ஒழுங்காச் சொல்லும்" என்றார்.

அவர் பேரைத்தான் எல்லோரும் ஒழுங்காகச் சொல்லமாட்டோம். இளையவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சுக்காரன் காலத்தில், எங்கள் சாதி வழக்கம் வேண்டாம், உங்கள் சட்டமே போதும் என்று எழுதிக்கொடுத்தவர்கள் ஆளுக்கொரு குடும்பப் பேர் வைத்துக்கொள்ளவேண்டும் என்று இருந்தது. சிலர் பூவின் பேரை எடுத்தார்கள், சிலர் புனிதர் பேரை எடுத்தார்கள். இவர்கள் வீட்டுக்குத் துவால். ஊரில் அது துவாலை ஆகி, இவர்கள் பாட்டன் ஜவுளி விற்றவன் என்று கதையும் ஆகிவிட்டது. அவர் கல்யாணத்தில் தபால் ஆபீஸ் சேக்காளிகள் ஆளுக்கொரு துண்டை மொய்யாக வைத்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டுக்குச் சொந்தச் சரக்கு என்று சொல்லிச் சிரித்தார்கள். முசே ஒவ்வொரு துண்டையும் மடித்துத் திருப்பிக் கொடுத்தார். மாலைக் கழுத்தோடு நின்று, "து-வால். கடைசியில ஒண்ணும் இல்ல" என்று பாடம் எடுத்தார்.

அவர் சொன்ன கதை வேறு. அயர்லாந்து என்று ஒரு தீவு. அங்கே இங்கிலீஷ்காரன் கொடுமை தாங்காமல் ஓடிப்போய்ப் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்த ஒரு கேப்டன், காரைக்காலில் வந்து இறங்கினார். அவர் வழி வந்தவர்கள் நாங்கள் என்பார். அந்தக் கேப்டனை ஆறடி என்பார், பூனைக்கண் என்பார், பக்கத்தில் இருந்து பார்த்தவர் மாதிரி. ஒரு ஞானஸ்நானத்தின்போது, கோயில் வாசலில் எல்லோரும் நிற்க, மதாம் ரோசாலி என்கிற கிழவி இதைக் கேட்டுவிட்டுப் பொக்கை வாயால் சிரித்தது. "ஒங்க முப்பாட்டன் பேரு எழுதப் போன அன்னிக்கு வாயில ஒண்ணும் வரல. கல்லறையில ஏதோ ஒரு வெள்ளைக்காரன் கல்லுல இருந்ததப் பாத்து இதையே போடுங்கன்னுட்டான். எங்க ஆத்தா பக்கத்துலதான் நின்னா" என்றது. முசே அன்றிலிருந்து அந்தக் கிழவிக்கு ஸ்தோத்திரம்கூடச் சொல்லவில்லை. கேப்டன் வழியில் வந்த பேரா, கல்லறைக் கல்லில் பார்த்து எடுத்த பேரா, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

"பேருதான் சொத்து. மத்ததெல்லாம் வாடகை" என்பார் முசே. ஆளோ நல்ல கறுப்பு, என்னைவிட இரண்டு மடங்கு. அதைச் சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு அவர் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது.

நாகப்பட்டினத்தைப் புயல் அடித்துப் போட்டதே, அதற்கு மறு வருஷம் நான் வேலை பார்த்த கப்பலுக்கு ஒரு செகண்ட் இன்ஜினியர் வந்தார். டாயில் என்று கூப்பிட்டார்கள். சிவந்த ஆள், வெயில் பட்டால் உரிந்துவிடும். அவர் பெட்டியில் பேர் எழுதியிருந்தது. வயிறு தள்ளிய எழுத்து ஒன்று, முட்டை ஒன்று, வால் வைத்த கவட்டை ஒன்று, ஒற்றைக் குச்சி, கடைசியில் சுருண்ட நத்தை. எனக்கு அதைப் படிக்கத் தெரியாது, ஆனால் அந்த ஐந்தும் அதே வரிசையில் முசே வீட்டு வாசல் பலகையில் இருப்பதை நடக்கத் தெரிந்த நாளிலிருந்து பார்த்தவன் நான். பெட்டியைத் தொட்டுக் காட்டி, எங்கள் ஊரில் இது துவால் என்றேன். அந்த மனிதர் சிரித்துவிட்டார். பிரெஞ்சுக்காரன் வாயில் போனால் அப்படித்தான் ஆகும் என்றார்.

கப்பல் இங்கிலீஷில் கேட்டுக் கேட்டு முழுக்கதையையும் வாங்கிவிட்டேன். அவர் ஊர் அயர்லாந்தின் கிழக்குக் கரையில் வெக்ஸ்போர்டு. அந்தக் கரையில் டாயில்கள் மண்டிக் கிடக்கிறார்களாம். கடைத்தெருவில் நின்று அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் பாதிப் பேர் திரும்புவார்களாம். மீன் விற்பவன் டாயில், பாதிரியார் டாயில், அவர் கடன் வைத்த சாராயக்கடைக்காரன் டாயில். கேப்டன் எல்லாம் அதில் ஒரு ஆள். பேருக்கு அர்த்தம் கேட்டேன். அவர்கள் பழைய பாஷையில் 'டுவ்' என்றால் கறுப்பு, 'கால்' என்றால் அந்நியன். வடக்கே டென்மார்க் பக்கமிருந்து கப்பலில் வந்து கொள்ளையடித்தவர்களுக்குக் கரைக்காரர்கள் வைத்த பேராம் அது. வந்தவர்கள் அங்கேயே பெண்ணெடுத்துத் தங்கிவிட்டார்கள், திட்டு குடும்பப் பேராகிவிட்டது. எது கறுப்பு, தலைமுடியா, போட்டிருந்த கவசமா, மனசா என்று யாருக்கும் தெரியாதாம். கறுத்த அந்நியன். அதைச் சொன்னபோது அந்தச் சிவந்த ஆள் தன் கையை நீட்டிக் காட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். முசேக்குச் சொல்ல நல்ல விஷயம் கிடைத்தது என்றுதான் நினைத்தேன்.

ஊர் வந்ததும் அரசலாற்றுப் பாலத்தில் வைத்துச் சொன்னேன். முதல் அடி, அந்தப் பேர் அங்கே மலிந்த பேர் என்பது.

"அப்ப நம்ம ஊரு கோவிந்தராசுங்கற பேரு மாதிரியா?"

"அதைவிட ஜாஸ்திங்க முசே."

இரண்டாவது, அர்த்தம். அதைக் கேட்டதும் சட்டைக் கையை மணிக்கட்டு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார். நல்ல சித்திரை வெயில். "இத வேற யாருகிட்டயும் சொல்லாதீங்க, மரைக்கார்" என்றார். நான் சொல்லவில்லை. கேபிள் டிவி எங்கள் தெருவுக்கு வந்த வருஷம் வரைக்கும் சொல்லவில்லை.

அந்த வருஷம்தான் வரிச்சிக்குடியிலிருந்து முருகையனும் அவன் அப்பாவும் பழத்தட்டோடு முசே வீட்டுக்கு வந்தார்கள். முசேயின் மகள் பிலோமினா அப்போது டீச்சர் டிரெயினிங் முடித்திருந்தாள். பஸ்ஸில் பழக்கம். விவசாயக் குடும்பம், பையனுக்கு ஐ.டி.ஐ. படிப்பு, குடிப்பழக்கம் கிடையாது. பேசி முடிக்க ஒரு பெரிய ஆள் வேண்டும் என்று முசேயின் மனைவி விக்டோரியா என்னையும் வரச்சொல்லியிருந்தார். முசே பையனை ஏற இறங்கப் பார்த்தார். மதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"என் பேருக்குள்ள இந்தக் கரி வரணுமா?"

பையனின் அப்பா வரப்பில் நின்று பேசுகிற குரலிலேயே சொன்னார். "நாங்க பேரு கேட்டு வரலைங்க. பொண்ணு கேட்டு வந்தோம்."

என்னால் வாயை அடக்க முடியவில்லை. "முசே, ஒங்க பேருக்கு அர்த்தமே கறுப்பன்தான். அந்தப் புள்ளைதான் ஒங்களுக்குச் சரியான துவால்" என்றேன். இன்றைக்கும் அதைத் திரும்பச் சொல்வேன். அவர் எழுந்து கதவைக் காட்டினார், எங்கள் மூன்று பேருக்கும். பிலோமினா உள்ளேயிருந்து பையோடு வந்தாள். "இந்த வாசலைத் தாண்டினா துவால்ங்கற பேரு ஒனக்கு இல்ல" என்றார். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு தாண்டிவிட்டாள்.

அதன் பிறகு தெருவில் எதிரே வந்தால் நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். கடல் ஊருக்குள் வந்து போன மறு வருஷம் விக்டோரியா இறந்தபோதுதான் என் தோளில் சாய்ந்து அழுதார். பிலோமினாவை அன்றைக்கும் வீட்டுக்குள் விடவில்லை. தாய் முகத்தை அவள் கோயிலில்தான் பார்த்தாள். எனக்கு அது ஆறவில்லை, இன்னும் ஆறவில்லை. ஆனாலும் சாயங்காலம் கடற்கரைச் சாலையில் அவரோடு உட்கார ஆரம்பித்தேன். வயதானபின் சண்டை போடக்கூட ஆள் மிஞ்சுவதில்லை.

அவர் நம்பிக்கையெல்லாம் மகன் ரெனே மேல் இருந்தது. பிரெஞ்சு பாஸ்போர்ட், பாரீசுக்குப் பக்கத்தில் வீடு, இரண்டு ஆண் பிள்ளைகள். பேர் அங்கே ஓடும் என்று இருந்தார். போன வருஷம் ஒரு நாள் அவர் வந்து உட்கார்ந்த தினுசே சரியில்லை. ரெனே போன் பண்ணியிருக்கிறான். அங்கே இப்போது சட்டம் சுலபமாம், அம்மா பிறந்த வீட்டுப் பேரையே குடும்பப் பேராக மாற்றிக்கொண்டானாம், பிள்ளைகளுக்கும் சேர்த்து. ஏன்டா என்று கேட்டதற்கு, வேலைக்கு எழுதிப்போட்டால் துவால் என்ற பேருக்கு வெள்ளைக்காரனை எதிர்பார்க்கிறார்கள், நான் போய் நின்றால் முகம் மாறிப்போகிறது, இருபது வருஷமாகப் பார்த்துவிட்டேன் என்றானாம்.

"இந்தக் கரியப் பாத்தா மாறுதாம், மரைக்கார்" என்று தன் கையை எனக்குக் காட்டினார்.

பிறகு, என்னைப் பார்க்காமல், பிலோ அந்தப் பேரை வைத்திருக்கிறாளா என்று கேட்டார். நேரில் போய்க் கேளுங்கள் என்றேன். நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். நான் போனேன், வரிச்சிக்குடிக்கு பஸ் ஏறி. பிலோமினா வயல் பார்த்த பள்ளிக்கூடத்தில் டீச்சர். என்னைப் பார்த்ததும் வெளியே வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தாள்.

"மாத்தல மாமா. அவரு என்னைய விட்டாரு, நான் எதுக்கு விடணும்? புள்ளைங்க துவால் டீச்சருங்குது. துவாலை டீச்சருன்னும் சொல்லுது. ரெண்டுக்கும் திரும்பிப் பாப்பேன்."

அவள் பிள்ளைகளுக்கு முருகையன் பேர்தான் இனிஷியல். ஆக, பேர் அவளோடு சரி. அப்பாவை வந்து பாரம்மா என்றேன். வருகிறேன் என்றாள், ஒன்றே ஒன்று வேண்டும் என்றாள். "போன் பண்ணட்டும். பிலோமினா துவால்னு அவரு வாயால ஒரு தடவ கூப்புடட்டும். அடுத்த பஸ்ஸுல வர்றேன்."

நம்பரை வாங்கி வந்து, என் போனில் நானே அழுத்தி அவர் காதில் வைத்தேன். மணி அடிக்கிறதுக்குள் வாங்கி அணைத்துவிட்டார். நாளைக்கு என்றார். மறுநாளும் நாளைக்கு என்றார். ஒரு தடவை பிலோ என்று தனியாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அதுவரைக்கும் வந்தது. அடுத்த வார்த்தை வரவில்லை. மழை போய் வெயில் வந்தது. சொல்லுங்கள் முசே, ஒரு வார்த்தைதானே என்று நான் கெஞ்சினேன், திட்டினேன். ஊர் முழுக்கத் தன் பேரைச் சரியாகச் சொல்லவேண்டும் என்று அடித்துக்கொண்ட மனிதர், பெற்ற பிள்ளையின் பேரைச் சரியாகச் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அடக்கத்தன்று ரெனே போனில் இருந்தான். சிலுவையில் என்ன எழுதுவது என்று கேட்டதற்கு, அல்போன்ஸ் என்று மட்டும் போடுங்கள், அந்தப் பேரில் இப்போது யாரும் இல்லையே என்று சொல்லிவிட்டான். அப்புறம் சிக்னல் போய்விட்டது. குழியில் இறக்கியாயிற்று. குடும்பத்திலிருந்து முதல் மண் யார் போடுவது என்று சாமியார் கேட்டார். கல்லறை கேட்டுக்கு வெளியே, முருகையனின் பைக் பக்கத்தில் அவள் நின்றிருந்தாள். கூப்பிடாமல் உள்ளே வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். கூப்பிடவேண்டியவர் குழிக்குள் இருந்தார்.

நான் கூப்பிட்டேன். இந்த வயதில் இருக்கிற மூச்சையெல்லாம் கூட்டி, பேரை முழுசாகக் கூப்பிட்டேன். அவள் வந்தாள். ஒரு கை மண் போட்டாள். அழவில்லை.

ரெனே சொன்னது பொய். அந்தப் பேரில் இந்த மண்ணில் இன்னும் ஓர் உயிர் இருக்கிறது. அல்போன்ஸ் முசேயிடமிருந்து எனக்கென்று மிஞ்சியதும் அவர் சொல்லாமல் விட்டுப்போன அந்த இரண்டு வார்த்தைதான். அவர் சொல்லியிருக்கவேண்டும், நான் சொல்கிறேன்: பிலோமினா துவால்.