மீனை மட்டும் பார்

அலுவலகத்தில் அவளுக்கு ரிவைண்ட் அக்கா என்று பெயர். சூரை மீன் பிடிக்கும் பெரிய படகுகளின் மேல்தளத்தில் கேமரா இருக்கும். பயணம் முடிந்ததும் பதிவு அவள் மேசைக்கு வரும். திரைச்சீலை இழுத்து மூடிய அறையில் உட்கார்ந்து, எத்தனை மீன் ஏறியது, எத்தனை குட்டிச் சூரையை உயிரோடு கடலில் விட்டார்கள் என்று எண்ண வேண்டும். குட்டிகள் வளர்ந்து முட்டையிட்டால்தானே கடலில் சூரை மிஞ்சும்? அவள் எண்ணிச் சொல்வதை வைத்துத்தான் அடுத்த வருடம் எவ்வளவு பிடிக்கலாம் என்று முடிவாகும். சந்தேகம் வந்தால் விடவே மாட்டாள். செல்போனில் சமையல் வீடியோ பார்த்தாலும், உப்பு போட்டார்களா என்று மூன்று முறை பின்னால் ஓட்டுகிற ரகம்.

"மீனை மட்டும் பாரும்மா, ஆளைப் பார்க்காதே," என்பார் அதிகாரி. சொந்தக்காரர் போகும் படகின் பதிவைத் தொடவே கூடாது என்பதும் விதி. அந்த ஒரு விதியில்தான் அவள் கள்ளத்தனம் செய்தாள். அம்மா போன பிறகு அவள் தூக்கி வளர்த்த தம்பி கடலுக்குப் போகத் தொடங்கியிருந்தான். அங்கே அவனை எப்படி நடத்துகிறார்களோ என்று மனசு கேட்கவில்லை. உறவைப் பற்றி மூச்சு விடாமல் அந்தப் படகைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். "உன் படகை நான்தான் பார்ப்பேன், தைரியமா போடா" என்று சொல்லியும் அனுப்பினாள்.

பதிவு வந்தது. தம்பி கழுத்தைச் சொறிந்துகொண்டே கயிறு இழுத்தான். பக்கத்தில், தலையில் துண்டு கட்டிய நெடிய ஆள் ஒருவர். குட்டிச் சூரை வந்தால் தூண்டிலைக் கழற்றி, ஓரத்தில் குனிந்து பதமாக விடுவார். விட்டதும் கேமராவை ஒரு முறை நிமிர்ந்து பார்ப்பார், எழுதிக்கோம்மா என்பது போல. இவளும் தன்னை அறியாமல் தலையாட்டுவாள்.

ஒரு நாள் பதிவில் தம்பியும் இன்னும் இரண்டு பேரும் அவரிடம் கை நீட்டிப் பேசினார்கள். பதிவுக்குச் சத்தம் கிடையாது. துண்டுக்காரர் மறுத்துத் தலையாட்டிவிட்டு, கேமராவுக்கு எட்டாத பின்பக்கம் நடந்தார். மூவரும் அவர் பின்னாலேயே போனார்கள். வெறும் தளம் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு மூவர் திரும்பி வந்தார்கள்.

பின்னால் ஓட்டினாள். போனது நால்வர், வந்தது மூவர். எத்தனை முறை ஓட்டினாலும் மூவர்தான். அதற்குப் பிறகு துண்டுக்காரர் எந்தப் பதிவிலும் இல்லை. குட்டிகளை ஒருவரும் விடவில்லை. பெட்டியில் அள்ளிப் போட்டார்கள். அவர் நின்ற இடத்தில் தம்பி நின்றான். ஒவ்வொரு குட்டியைப் போடும்போதும் நிமிர்ந்து நேராக அவளைப் பார்த்தான். ஒரு தடவை சிரித்தான்.

அந்தத் தம்பி இப்போது விடுமுறையில் வீட்டில்தான் இருந்தான். மத்தியானம் சாப்பாடு போட்டபடியே கேட்டாள்.

"உங்க படகுல தலையில துண்டு கட்டிக்கிட்டு ஒருத்தர் இருந்தாரே, எங்கடா அவர்?"

"அப்படி யாரும் இல்லையே." தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நான் பார்த்தேன்டா."

"அதான் தெரியுமே," என்றான் சாவகாசமாக. "பார்க்கப் போறது எங்கக்காதான்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருந்தேன். அந்தத் தைரியம் இல்லேன்னா கை வச்சிருப்போமா?"

கை வைத்தது மீன் மேலா, மனுஷன் மேலா என்று அவள் கேட்கவில்லை. தூக்கி வளர்த்த பிள்ளையைப் பார்த்து முதல் முறையாகப் பயந்தாள்.

"அடுத்த தடவையும் நீயே பார்த்துடுக்கா."

"இல்லடா," என்றாள். "நாளைக்கு அதிகாரியை உட்கார வச்சு அந்தப் பதிவைப் போட்டுக் காட்டப் போறேன். நீ யாருன்னும் சொல்லிடுவேன்."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். எழுந்து போய் வாசல் கதவைத் தாழிட்டுவிட்டு, மீதிச் சாப்பாட்டைச் சாப்பிட உட்கார்ந்தான்.