வெளியே கேட்காத ஹெட்போன்

எங்கள் வீட்டில் எழுத்துள்ள எந்தப் பொருளும் என் கையைத் தாண்டாமல் பாவனைக்கு வராது. உரப்பையின் பின்பக்கம், மருந்துப் போத்தலின் ஒட்டுத்தாள், மின்சாரப் பட்டியல் எல்லாம் நான் வாசித்துச் சொன்ன பிறகுதான் செல்லும். எங்கள் பரம்பரையில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம், எங்கள் பேச்சில் கம்பஸ், போனவள் நான். அந்தப் பெருமையை மறைத்துவைக்கும் அடக்கம் எனக்கு இல்லை. கம்பஸில் அப்படி ஒரு பாடமும் நடக்கவில்லை. ஆகவே, விளையாடவும் பாட்டுக் கேட்கவும் ஐயாயிரம் ரூபாய்க்குள் ஒரு ஹெட்போன் வாங்க வேண்டி வந்தபோது, அதை இறுதியாண்டு ஆய்வைப் போலவே தொடங்கினேன்.

பதினொரு ஹெட்போன்கள், ஒன்பது நிரல்கள் என்று ஓர் அட்டவணை போட்டேன். இணையத்தில் இவற்றை விமர்சிக்கும் ஆண்கள் எல்லோரும் சுவருக்கு மெத்தை ஒட்டிய அறைகளில் இருந்து பேசினார்கள். வெளிச்சத்தம் உங்களை அண்டவே அண்டாது என்று அடித்துச் சொன்னார்கள். எனக்கு வேண்டியது அதன் மறுபக்கம். என் சத்தம் வெளியே போகக்கூடாது. அதற்கு அவர்களிடம் நிரல் இருக்கவில்லை.

நான் வேலையால் வந்து, மாலை ஆறு மணியிலிருந்து ஒரு மணித்தியாலம், கம்பஸ் சிநேகிதிகள் மூவரோடு போனில் துவக்குச் சண்டை விளையாடுவேன்; முழுக்க வெடியும் குண்டும்தான். நால்வரும் ஒரே அணி. ஆரம்பத்தில் ஸ்பீக்கரில்தான் விளையாடினேன். ஒரு நாள், குசினிக்குள் அம்மா தேங்காய் திருவும் சத்தம் திடீரென்று நின்றது. தண்ணீர் குடிக்கப் போனேன். அம்மா ஜன்னலுக்குக் கீழே, சுவரோடு ஒட்டி, முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தார். பாதித் தேங்காய் கையிலேயே இருந்தது.

"தேங்காய்ப்பூ சிந்திப்போச்சு. பொறுக்கிறன்," என்றார்.

நிலத்தில் எதுவும் சிந்தியிருக்கவில்லை. நான் ஓம் என்று சொல்லி, தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

விளையாடாதே என்று அம்மா ஒருநாளும் சொல்லவில்லை. ஆறு மணியானால் பக்கத்து வீட்டுக்குப் போகத் தொடங்கினார். பக்கத்து வீட்டு அன்ரிக்கும் அவருக்கும் எல்லை வேலி தொடர்பாக இரண்டு வருடப் பகை. வேலிக் கதியால் தடியை அரை அடி தள்ளி நட்டவர் யார் என்பது இன்றுவரை தீராத வழக்கு. அப்படிப்பட்ட வீட்டில் போய் ஒரு மணித்தியாலம் குந்தியிருப்பது அம்மாவுக்குச் சுலபமாக இருந்தது என்றால், என் போன் சத்தம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு விளங்கியது.

விளையாட்டை விட்டிருக்கலாம். ஆனால் பகல் முழுக்க மற்றவர்களின் படிவங்களை நிரப்புகிறவளுக்கு அந்த ஒரு மணித்தியாலம்தான் சொந்தம். அதை விடுவதாக இல்லை. அம்மாவை அவருடைய வீட்டை விட்டு அனுப்புவதாகவும் இல்லை.

சனிக்கிழமை பஸ் எடுத்துக் கிளிநொச்சிக்குப் போனேன். போன் கடைக்காரருக்கு முப்பது வயதிருக்கும். தம்பிக்கோ என்று கேட்டார். எனக்கு என்றேன். உடனே பூனைக்காது வைத்த ரோசா நிற ஹெட்போன் ஒன்று மேசைக்கு வந்தது. துவக்குச் சண்டைக்கு என்று சொன்னதும் பூனை உள்ளே போய், ஏழு நிறத்தில் வெளிச்சம் அடிக்கும் ஒன்று வந்தது.

"இதில வெடிச்சத்தம் ஒரிஜினல் மாதிரியே கேக்கும், தங்கச்சி. கண்ணை மூடினியளெண்டா சண்டைக்கு நடுவில நிக்கிற மாதிரி இருக்கும்."

போர் நடந்த கிளிநொச்சியில் நின்றுகொண்டு இதை ஒரு வசதி என்று சொல்லி விற்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

"சண்டைக்கு நடுவில நிண்ட ஆள் ஒராள் வீட்டில இருக்கிறா, அண்ணை. அவாக்குக் கேக்கக்கூடாது. அப்பிடி ஒண்டு தாங்கோ."

அவர் வெளிச்சத்தை நிறுத்தினார். பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு, பெட்டியில் அப்படி ஒன்றும் எழுதமாட்டார்களே என்றார். வாசித்துத் தெரிந்துகொள்ள முடியாத ஒரு விடயம் என் வாழ்க்கையில் குறுக்கிட்டது அப்போதுதான்.

வேறு வழியில்லை. ஹெட்போனை அவர் தலையில் மாட்டி, என் போனில் விளையாட்டைப் போட்டு, இரண்டு அடி தள்ளி நின்று காது கொடுத்தேன். போனுக்குக் காசு ரீலோட் போட வந்த ஒரு ஐயா, பிள்ளை டொக்டரோ என்று விசாரித்தார். ஹெட்போன் போட்டிருந்த கடைக்காரர், தன் குரல் தனக்கே கேட்காததால், "கேக்குதோ தங்கச்சி?" என்று கத்தினார். அது எதிர்ப்பக்க மருந்துக் கடை வரைக்கும் கேட்டது.

வெளிச்சம் கூடியவையெல்லாம் சத்தத்தையும் தாராளமாக வெளியே விட்டன. ஆறாவதாக, தூசி படிந்த பெட்டியிலிருந்து கறுப்பில் ஒன்று வந்தது. வெளிச்சம் இல்லை. காதுக்கு வரும் பக்கம் சோபா மெத்தையைப் போல் தடிப்பு. குனிந்து அவர் தோள்வரை போயும் எனக்கு எதுவும் கேட்கவில்லை. என் அட்டவணையில் அதற்குப் பத்தாவது இடம். பாட்டுப் போட்டுப் பார்த்தால், பாடுகிறவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாடுவது போலிருந்தது. அதையே வாங்கினேன். ஒன்பது நிரல்களும் வீண் என்பதை வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. அங்கே எனக்கென்று ஒரு பெயர் இருக்கிறது.

அன்று மாலை அம்மாவிடம், இன்றைக்குப் போகத் தேவையில்லை, ஒன்றும் கேட்காது என்றேன். அவர் நம்பவில்லை. தேங்காயைத் திருவிவிட்டுப் போகிறேன் என்று திருவலையில் இருந்தார்.

நான் ஹெட்போனை மாட்டினேன். சண்டை தொடங்கியது. அப்போதுதான் புதிய சிக்கல் தெரிந்தது. காதை அடைத்த பிறகு தேங்காய் திருவும் சத்தமும் எனக்குக் கேட்கவில்லை. அது நின்றுவிட்டதா, நடக்கிறதா? வலது பக்கத்தைத் தூக்கிப் பார்த்தேன். நடந்துகொண்டிருந்தது. அதற்குள் என்னைச் சுட்டுவிட்டார்கள். அடுத்த ஆட்டத்திலும் தூக்கினேன், அதிலும் செத்தேன். எதிரிக்குச் சம்பளத்துக்கு வேலை செய்கிறாயா என்று வவுனியாச் சிநேகிதி கேட்டாள்.

மூன்றாம் தரம் தூக்கியபோது ஒரு ஈரக் கை வந்து என் கையைப் பிடித்தது. அம்மா பின்னால் நின்றார்.

"நீ திறக்கேக்கதான் எனக்குக் கேக்குது. மூடிக்கொண்டு விளையாடு."

ஹெட்போனை அவரே என் காதில் வைத்து அழுத்திவிட்டுக் குசினிக்குள் போனார். வலது காதில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது. நான் கதிரையை வாசல் பக்கம் திருப்பினேன். அம்மாவின் முழங்கை மட்டும் தெரிந்தது. அது ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே விளையாடினேன். அன்றைக்கு நாங்கள் படுதோல்வி.

ஏழு மணி வரை அம்மா எங்கும் போகவில்லை. அன்ரி வீட்டில் குந்தத் தேவையில்லாமல் போனதும், அடுத்த கிழமையே கதியால் வழக்கு வேலியடியில் திரும்பத் தொடங்கியது. அந்தச் சத்தம் மட்டும் எந்த மெத்தையையும் தாண்டி வருகிறது.