சின்னப் போயிட்டு வரேன்

அவரை எல்லோரும் மலை என்றுதான் கூப்பிட்டார்கள். லாரி ஓட்டுநர். ஆளும் மலைதான், அவர் ஏறி உட்கார்ந்தால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்துதான் நிமிரும் என்று கிளீனர்கள் கேலி செய்வார்கள். பனி மூடிய கணவாய், கடலை ஒட்டி ஓடும் சாலை, கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் மணல், எல்லாம் பார்த்தவர். யாராவது ஆசையாகக் கேட்டால், "ம், பார்த்திருக்கேன்," என்பதோடு சரி. எதைக் கண்டும் வாய் பிளக்காத அந்த மனிதரை வாய் பிளக்க வைத்தது ஒரு பாலர் பள்ளி.

வண்டியின் எஞ்சின் பழுதாகிப் பட்டறையில் கிடந்த சமயம் அது. மாதக்கணக்கில் வெளியூரிலேயே இருப்பவர், பல வருடங்களுக்குப் பிறகு தொடர்ந்தாற்போல் வீட்டில் இருந்தார். மூன்று வயது மகள் ஒருத்தி. மிளகு என்பது அம்மா வைத்த செல்லப் பெயர்; ஆள் பொடிசு, காரம் அதிகம். அம்மாவுக்கு அப்போதுதான் ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. மிளகோ பாலர் பள்ளிக்குப் போகவே மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். தினமும் பிள்ளையைப் பிய்த்துக் கொடுத்துவிட்டு ஓடுவதற்குள் நேரமாகி, மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள் அம்மா.

"வீட்ல சும்மாதானே இருக்கீங்க? கொஞ்ச நாள் நீங்க கூட்டிட்டுப் போங்க. அப்பத் தெரியும்," என்றாள்.

மறுநாள் காலை அப்பாவின் தோளில் ராணி மாதிரி உட்கார்ந்து போனாள் மிளகு. பள்ளியின் கேட்டைப் பார்த்ததும் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அழவில்லை, கத்தவில்லை. ஒரு விரலைப் பிரித்தால் இன்னொரு விரல் ஒட்டிக்கொண்டது. சட்டைக் காலர் கிழிந்ததுதான் மிச்சம். இருவரும் வந்த வழியே வீடு திரும்பினார்கள்.

"அவ்ளோ பெரிய லாரியைச் சந்துக்குள்ள திருப்புறீங்க. இத்தனூண்டு பிள்ளையை ஒரு கேட்டுக்குள்ள திருப்ப முடியலையா?" என்று சிரித்தாள் மனைவி.

ரோஷம் வந்துவிட்டது. அடுத்த நாள் வகுப்பிலிருந்த மீன் தொட்டியைக் காட்டி, அவள் மீனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நைசாக நழுவிவிட்டார். வெற்றி என்றுதான் நினைத்தார். மதியம் அழைத்து வரப் போனபோது ஆயாம்மா சொன்னாள்: "அழலைங்க. வாசலையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்துச்சு. தண்ணிகூடத் தொடலை."

அன்று மாலை அவர் குளிக்கப் போனார். தலையில் சோப்பைத் தேய்த்துவிட்டுக் கீழே பார்த்தால், கதவின் அடி இடுக்கு வழியாக அஞ்சு பிஞ்சு விரல்கள் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தன. மிளகு வெளியே தரையில் படுத்துக் கையை உள்ளே விட்டிருந்தாள். குனிந்து அந்த விரல்களைத் தொட்டார். அவை அவருடைய கட்டைவிரலைப் பற்றிக்கொண்டன. கண்ணில் சோப்பு எரிய, ஒற்றைக் கையால் குளித்து முடித்தார்.

டீச்சரிடம் நடந்ததைச் சொன்னார். "சொல்லாம நழுவாதீங்க சார்," என்றார் அவர். "அழுதாலும் பரவாயில்லை, முகத்தைப் பார்த்துச் சொல்லிட்டுப் போங்க."

சரியென்று மண்டியிட்டு, முகத்தைப் பார்த்து, "அப்பா போயிட்டு வரேன்டா," என்றார். அவ்வளவுதான். அதுவரை அழாத பிள்ளை உடம்பெல்லாம் குலுங்க அழுதது. அவருக்கு ஒன்றுமே புரியவில்லை. சொல்லாமல் போனாலும் தப்பு, சொன்னாலும் தப்பு என்றால் மனிதன் என்னதான் செய்வான்? மறுபடியும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

அன்று மதியம் பாயில் சாய்ந்தபடி அவள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கரடி பொம்மை, ஒரு துணி முயல். கரடிக்காக மிளகே குரலைத் தடிப்பாக்கி, "போயிட்டு வரேன்," என்றாள். கரடியைக் கொண்டுபோய் அலமாரிக்குப் பின்னால் போட்டாள். பிறகு முயலுக்குச் சோறு ஊட்டினாள், தூங்க வைத்தாள், எழுப்பினாள், பல் தேய்த்துவிட்டாள். மறுபடி சோறு, தூக்கம், பல். அப்புறமும் அதேதான். விளையாட்டு முடிகிற மாதிரி தெரியவில்லை.

"கரடி எப்பம்மா வரும்?" என்று கேட்டார்.

"இப்ப வராது."

"போயிட்டு வரேன்னு சொல்லிட்டுத்தானே போச்சு? வந்துடும்."

ஒன்றும் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தாள். "முயல் நிறையத் தூங்கணும்ப்பா. அப்புறம்தான் வரும். நீ அப்படித்தானே வருவே?"

மலை எழுந்து உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டில் போயிட்டு வரேன் என்று சொல்லிப் பழகியவர் அவர் ஒருவர்தான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொல்வார். பிறகு பல நாள் ஆளே இருக்க மாட்டார். அம்மா இந்த வேலைக்குப் போகும்வரை பிள்ளையைப் பிரிந்ததே இல்லை. பிள்ளைக்குத் தெரிந்த அர்த்தம் அது ஒன்றுதான். யாரும் சொல்லித்தராமல், எண்ணத் தெரியாத வயதில், தூங்கி எழுந்து தூங்கி எழுந்து அவர் இல்லாத நாட்களை இந்தப் பொடிசு அளந்து வைத்திருக்கிறது. எத்தனையோ மலை உச்சியில் நின்றவர், பல் தேய்த்துக்கொண்டிருந்த அந்தத் துணி முயலை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவி வேலையிலிருந்து வந்ததும் சொன்னார். அவள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்ப ஒவ்வொரு நாளும் நான் போயிட்டு வரேன்னு சொல்லி விட்டுட்டு வந்தப்ப, அம்மா அத்தனை நாளைக்கு வர மாட்டான்னா நினைச்சா?"

அவர் மிளகைக் கூப்பிட்டார். "எல்லா போயிட்டு வரேனும் ஒண்ணு இல்லடா. இப்பப் பாரு." போயிட்டு வரேன் என்று சொல்லிச் சமையலறைக்குப் போய்த் திரும்பி வந்தார். மறுபடி சொல்லித் தெருவாசல் வரை போய் வந்தார். மிளகு புருவத்தைச் சுருக்கி யோசித்தாள்.

"இது சின்னப் போயிட்டு வரேனா?"

"ஆமா."

"லாரிக்குப் போறது?"

"அது பெருசு."

"ஸ்கூல்?"

"சின்னதுதான்."

"செஞ்சு காட்டு," என்றாள் மிளகு. வெறும் பேச்சை நம்புகிற ஆள் இல்லை அவள்.

செய்து காட்ட டீச்சர் அனுமதித்தார். காலணி அடுக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு குட்டி நாற்காலி போட்டார்கள். மலை உட்கார்ந்ததும் அது கிறீச்சிட்டது. முழங்கால்கள் காது வரை வந்தன. ஒரு பையன் வந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "அங்கிள், உங்களைப் பெரிய ஸ்கூல்ல சேர்த்துக்கலையா?" என்று அக்கறையாக விசாரித்தான்.

சின்னப் போயிட்டு வரேன் என்று சொல்லிக் கேட் வரை போய் வருவார். மிளகு ஓடிவந்து, உண்மையான ஆள்தானா என்பதுபோல் அவர் முழங்காலைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். பிறகு தெருமுனை, பிறகு டீக்கடை என்று தூரம் கூடியது. சில நாள் காலையில் பழையபடி முரண்டு பிடிப்பாள். அன்று மறுபடியும் கேட்டிலிருந்தே ஆரம்பிப்பார்.

நடுநடுவே நாற்காலியில் இருந்தபடி அவர் பார்த்ததெல்லாம் வேறு. ஒரு பெண் குழந்தை ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. நாக்கின் நுனி வெளியே தெரிய, ஒரு சொட்டும் சிந்திவிடாமல் இருக்க மூச்சையே பிடித்திருந்தது. கடைசிச் சொட்டு விழுந்ததும் அது பெருமூச்சு விட்டது. அவரும் விட்டார். தானும் மூச்சை அடக்கியிருந்தது அப்போதுதான் தெரிந்தது. இன்னொரு பக்கம் மிளகு ஒரு பெரிய பித்தானைத் துளையில் நுழைக்கப் போராடிக்கொண்டிருந்தாள். நழுவியது, மறுபடி பிடித்தாள். நழுவியது, மறுபடி பிடித்தாள். செங்குத்தான இறக்கத்தில் பாரம் ஏற்றிய வண்டியைப் பிடித்து நிறுத்தும்போது தன் முகம் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். இவ்வளவு பெரிய வேலைகள் தினம் காலையில் தன் தெருவுக்கு அடுத்த தெருவில் நடந்துகொண்டிருந்தன. அது தெரியாமல் உலகத்தைச் சுற்றிவிட்டோம் என்று இருந்தது.

ஒரு நாள் மிளகு அவர் முன்னால் வந்து நின்றாள். பின்னால் அழுத கண்ணோடு ஒரு புதுப் பையன்.

"அப்பா, எந்திரி. இவனுக்கு நாற்காலி வேணும்."

"நான் எங்கடா உட்கார்றது?"

"நீ வீட்டுக்குப் போ. உனக்கு வேலை இல்லையா?"

எழுந்து வெளியே வந்தவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

வண்டி தயாரானதும் உண்மையைச் சொல்லித்தான் கிளம்பினார். இது பெருசு, நிறையத் தூங்கணும் என்றார். மிளகு அழுதாள். ஆனால் அழுகை அவருக்காகத்தான். பள்ளிக்கு அடுத்த நாள் தானாகவே செருப்பை மாட்டிக்கொண்டாள் என்று மனைவி போனில் சொன்னாள்.

திரும்பி வந்த அன்று வண்டியை நிறுத்திவிட்டு, முகம்கூடக் கழுவாமல் நேரே பள்ளிக்குப் போனார். இன்னும் மணி அடிக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்புகளுக்குள் ஒன்று மிளகுடையது. ஆனால் அவர் கேட்டே இராத சிரிப்பு. அப்பாவிடமோ அம்மாவிடமோ சிரிக்கிற சிரிப்பு அல்ல அது. வீட்டு ஆட்கள் யாருமே இல்லாத இடத்தில், அவளே கண்டுபிடித்து வைத்திருந்த ஒன்று. மலை சுவரில் கை வைத்து நின்றுவிட்டார்.

ஆயாம்மா எட்டிப் பார்த்து, "வந்துட்டீங்களா? கூப்பிடட்டுமா?" என்றாள்.

"வேணாம் வேணாம்," என்றார் அவசரமாக, குரலைத் தாழ்த்தி. "அவங்க முடிக்கட்டும்."